ஐடா ஸ்கடர் அம்மையார்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைத்தொடர் நீண்டு உயர்ந்து நிற்கின்றது. கோமுகி ஆறு அம்மலையிற் பிறந்து, கீழுள்ள வயல்களுக்கு வளமூட்டுகின்றது. வெள்ளிமலை முதலிய மலையூர்களில் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைத்து வாழ்ந்து வருகின்றனர். சாலைகள் அமையாத காலத்தில் அவ்வூர்களில் ஒருவர் நோயுற்றால், உறவினர் மூங்கிற் கழியில் தூளி கட்டி, அதில் அவரைக் கிடத்திக் காட்டு வழியே நெடுந்தொலைவு சுமந்து இறங்கவேண்டும். பேறுகாலத்தில் பெண்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது.

2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அம்மாவட்டத்திற்கென அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றும் திறக்கப்பெற்றது. இக்காலத்தில் பெண்கள் மருத்துவம் பயில்வதை யாரும் வியப்பாகக் கருதுவதில்லை. ஆனால், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குத் தன் கதவைத் திறந்தது; 1885ஆம் ஆண்டில் சென்னையில் மகளிர்க்கெனத் தனி மருத்துவமனையும் தோன்றியது. ஆயினும் அந்நன்மை தலைநகரைத் தாண்டி வெளியூர்களுக்கு எட்டவில்லை.

அந்நாளில் கள்ளக்குறிச்சியும் திண்டிவனமும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அத்திண்டிவனத்தில் ஓர் இரவு நிகழ்ந்த நிகழ்ச்சி, ஓர் இளம்பெண்ணின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது. அதன் பயனாக எழுந்ததே வேலூர் மருத்துவக் கல்லூரி. அவ்விளம்பெண்ணே ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவர்.

பிறப்பும் இளமையும்

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் என்பவர் நியூயார்க் நகரில் மருத்துவத் தொழில் நடத்தியவர். அவர் 1819ஆம் ஆண்டில் தம் ஊரையும் தொழிலையும் துறந்து கடல் கடந்து இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் தொண்டு புரிந்தபின் 1836ஆம் ஆண்டில் சென்னையை அடைந்தார். அவர்தம் மைந்தர் பலரும் தென்னாட்டிலேயே சமயப் பணியும் மருத்துவப் பணியும் மேற்கொண்டனர். அவருள் ஒருவரான மருத்துவர் ஜான் ஸ்கடருக்கும் சோபியா அம்மையாருக்கும் ஒரே மகளாக, 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா தோன்றினார்.

ஐடாவுக்கு ஆறு வயதானபோது தென்னாட்டைக் கொடிய பஞ்சம் பற்றியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் கூறுவர். ஆறுகள் வறண்டன, வயல்கள் வெடித்தன, இலட்சக் கணக்கான மக்கள் மாண்டனர். வேலூரில் ஐடாவின் தந்தையார் பஞ்ச நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்தார். எலும்பும் தோலுமாய் வந்த குழந்தைகளுக்கு ஐடா தம் சிறு கைகளாலேயே ரொட்டித் துண்டுகளை ஊட்டினார். உண்ணவும் வலிமையற்றுக் கிடந்த அக்குழந்தைகளின் முகம் அவர் நெஞ்சில் நீங்காது பதிந்துவிட்டது.

பின்னர்ப் பெற்றோர் அவரை அமெரிக்காவிற்கு அழைத்துச் சென்றனர். சில ஆண்டுகள் கழித்துத் தந்தையார் மீண்டும் இந்தியாவுக்குத் திரும்பினார். அவரைத் தொடர்ந்து தாயாரும் புறப்பட்டார். ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாயைப் பிரிந்த துயரத்தால் அச்சிறுமி இரவெல்லாம் அழுதார். தம் குடும்பத்தைப் பிரித்துவைத்த இந்திய நாட்டின்மீதே அவருக்கு வெறுப்புத் தோன்றியது. ஸ்கடர் குடும்பத்தார் யாவரும் இந்தியாவுக்குச் சென்று தொண்டு செய்யட்டும், தாம் மட்டும் அங்குச் செல்வதில்லை என்று அவர் உறுதி கொண்டார். நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் இருந்த மகளிர் கல்விச்சாலையில் அவர் கலகலப்பும் குறும்பும் நிறைந்த மாணவியாகப் பயின்றார். படித்து முடித்து அமெரிக்காவிலேயே இனிய இல்லறம் நடத்தவேண்டும் என்பதே அவர் கருதியிருந்த வாழ்வு.

திண்டிவனத்து இரவு

1890ஆம் ஆண்டில் திண்டிவனத்திலிருந்த தாயார் நோயுற்றார் என்ற செய்தி வந்தது. அவருக்குத் துணையாக இருந்துவிட்டு விரைவில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்துடன் ஐடா இந்தியாவுக்கு வந்தார்.

ஒரு நாள் இரவு அவர் தம் அறையில் அமர்ந்திருந்தபோது அந்தண இளைஞர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். பதினான்கே வயதுடைய தம் மனைவி பிள்ளைப்பேற்றில் துன்புறுவதாகவும், மருத்துவச்சி கைவிட்டுவிட்டதாகவும், ஐடா உடனே வந்து உதவவேண்டும் என்றும் அவர் வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவரான தம் தந்தையாரை அனுப்புவதாகவும் ஐடா கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதற்குத் தம் குல வழக்கம் இடந்தராது என்று சொல்லி, அவ்விளைஞர் மனமுடைந்து திரும்பினார்.

சிறிது நேரத்திற்குள் இசுலாமியர் ஒருவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். ஐடா முன்போலவே தந்தையாரைச் சுட்டினார். தம் வீட்டுப் பெண்களை அயல் ஆடவர் பார்க்கலாகாது என்று கூறி அவரும் திரும்பிச் சென்றார். அதன்பின் வேறொரு வகுப்பைச் சேர்ந்த இந்து ஒருவர் வந்தார். அவர் மனைவியும் அதே நிலையில் இருந்தார். அவரும் அதே விடையைச் சொல்லித் திரும்பினார்.

அன்றிரவு ஐடாவுக்கு உறக்கம் வரவில்லை. பொழுது புலர்ந்ததும் தெருவில் சாவுப்பறை ஒலி கேட்டது. ஏவலரை அனுப்பி உசாவியபோது, அம்மூன்று பெண்களும் இரவிலேயே இறந்துவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது.

மூவரும் வெவ்வேறு வீதியில் வாழ்ந்தவர். வணங்கும் முறையிலும் உண்ணும் முறையிலும் வேறுபட்டவர். ஒருவர் வீட்டில் மற்றவர் நீர் அருந்துவதும் அந்நாளில் அரிது. எனினும் மூவர் மனைவியரையும் ஒரே இரவில் ஒரே குறை கொன்றது. பெண்களுக்கு மருத்துவம் செய்யக் கற்ற பெண் ஒருத்தி அவ்வூரில் இல்லை என்பதே அக்குறை. ஐடா தம் அறையில் நெடுநேரம் தனித்திருந்து சிந்தித்தார். பின்பு பெற்றோரிடம் சென்று, அமெரிக்காவில் மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்களுக்குப் பணி செய்ய மீண்டும் வரப்போவதாகத் தெரிவித்தார்.

மருத்துவக் கல்வி

1895ஆம் ஆண்டில் ஐடா பிலடெல்பியா நகரத்து மகளிர் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். மேல்நாட்டு மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரான ஆனந்திபாய் ஜோஷி 1886ஆம் ஆண்டில் தேறியதும் அக்கல்லூரியிலேயே ஆகும். பின்னர்க் கார்னெல் பல்கலைக் கழகத்து மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியபோது, ஐடா அங்குச் சென்று 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

வேலூரில் மகளிர்க்கென ஒரு மருத்துவமனை அமைக்கப் பொருள் தேவைப்பட்டது. அவர் பலரிடமும் சென்று தென்னாட்டுப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். நியூயார்க் நகரத்து வங்கித் தலைவரான ஷெல் என்பவர் அவர்தம் உரையைக் கேட்டு உள்ளம் நெகிழ்ந்து, காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். அத்தொகையுடன் ஐடா தம் தோழியார் ஆனி ஹான்காக் என்பவருடன் புறப்பட்டு, 1900ஆம் ஆண்டின் முதல் நாளன்று இந்தியாவை அடைந்தார்.

அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். அனுபவமிக்க தந்தையாரின் துணையுடன் பணி பயிலலாம் என்று எண்ணியிருந்த இளம் மருத்துவர் திடீரெனத் தனியரானார். எனினும் அவர் கலங்கி நின்றுவிடவில்லை. வேலூரில் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டின் சிறிய அறை ஒன்றை மருந்தகமாக அமைத்தார். முதலில் மக்கள் அஞ்சினர். இளம்பெண் தரும் மருந்தினை நம்பி உட்கொள்ள ஒருவரும் துணியவில்லை. மெல்ல மெல்லச் சிலர் வந்தனர். குணம் அடைந்தவர் தம் அயலார்க்கு எடுத்துரைத்தனர். நாளடைவில் வாயிலில் கூட்டம் பெருகியது. வீட்டில் சமையல் வேலையில் உதவிவந்த சலோமி என்னும் பெண்ணே அவருக்கு முதல் துணைவியானார். மருந்து கலக்கவும் கட்டுக் கட்டவும் அவருக்கு ஐடா கற்றுக் கொடுத்தார். எழுத்தறிவு குறைந்த ஒரு பெண்ணும் அன்புடன் கற்பித்தால் நோயாளர்க்கு உற்ற துணையாவார் என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார்.

1902ஆம் ஆண்டில் நாற்பது கட்டில்கள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வேலூரில் எழுந்தது. அங்குக் குலமும் சமயமும் பார்த்துக் கட்டில் ஒதுக்கப்படவில்லை. மருந்து பெறுதற்குச் சமயம் நிபந்தனையாகவும் இல்லை. ஐடா அம்மையார் தம் கிறித்தவ சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். தம் தொண்டுக்கு அப்பற்றே ஊற்று என்று கருதியவர். ஆயினும் நோயின் முன் யாவரும் ஒருநிகர் என்பதைத் தம் செயலாற் காட்டினார்.

மரநிழல் மருந்தகங்கள்

மருத்துவமனை நிரம்பி வழிந்தது. ஆனால், நகரத்திற்கு வர இயலாதோர் எத்தனையோ பேர் சிற்றூர்களில் வாடினர். வண்டிக்குக் கூலியில்லாத உழவர், வேலையை விட்டுவர முடியாத கூலியாட்கள், வீட்டை விட்டு வெளியேற உரிமையில்லாத பெண்கள் ஆகியோர் மருத்துவமனை வாயிலை எவ்வாறு காண்பர்? அவர்கள் வர இயலாவிடின் மருத்துவமனையே அவர்களிடம் செல்லவேண்டும் என்று அம்மையார் துணிந்தார்.

கிழமைதோறும் குடியாத்தம் செல்லும் சாலையில் அவர் பயணம் மேற்கொண்டார். தொடக்கத்தில் மாட்டு வண்டியிற் சென்றார். பின்னர் நண்பர் உதவியாற் பிரெஞ்சு நாட்டுச் சிறிய மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தது. மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடிவரும் வண்டியைக் கண்ட சிற்றூர் மக்கள், பேய் வருகின்றது என்று அலறி ஓடினர். சில வாரங்களில் அவ்வச்சம் நீங்கியது. அவ்வண்டியின் ஒலி கேட்டதும் மக்கள் ஓடிவந்து குழுமினர். குறித்த மரநிழல்களில் வண்டி நின்றது. கண்ணோயும் புண்ணும் காய்ச்சலும் உடையோர் வரிசையாக அமர்ந்திருப்பர். ஊரார் அஞ்சி ஒதுக்கிய தொழுநோயாளர் சற்றுத் தொலைவில் காத்திருப்பர். அம்மையார் அவர்களிடமும் சென்று மருந்திட்டார்.

சாலையோர மருந்தகம் என்று பெயர் பெற்ற இம்முறை, பிற்காலத்தில் மாணவியர்க்கு ஒரு பாடசாலையாகவே அமைந்தது. நூலிற் கற்ற நோய்களை அவர்கள் மரநிழலில் நேரிற் கண்டனர். நோய்க்குப் பின்னால் நின்ற வறுமையையும் அழுக்கு நீரையும் இளவயது மணத்தையும் அங்கேதான் அவர்கள் அறிந்தனர்.

பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி

எத்துணை உழைத்தாலும் ஒருவர் கைகள் இரண்டே. ஒரூரில் ஓர் உயிரைக் காத்துக்கொண்டிருக்கையில் மற்றோர் ஊரில் வேறோர் உயிர் பிரிந்துகொண்டிருந்தது. அயல்நாட்டிலிருந்து மருத்துவர் சிலரை வரவழைப்பதால் இக்குறை தீராது. இந்நாட்டுப் பெண்களே மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் ஆதல் வேண்டும் என்று அம்மையார் தெளிந்தார். இத்தெளிவே அவர் வாழ்வின் சிறப்பு எனலாம்.

1909ஆம் ஆண்டில் செவிலியர்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. பிறர் உடலின் புண்ணைக் கழுவுவதும் கழிவை அகற்றுவதும் இழிந்த தொழில் என்று கருதப்பட்ட காலம் அது. பெற்றோர் தம் பெண்களை அப்பணிக்கு அனுப்பத் தயங்கினர். அத்தயக்கத்தை வாதத்தால் வெல்ல முடியவில்லை. அம்மையாரும் அவருடைய தோழியரும் தம் கைகளாலேயே அப்பணியைச் செய்து காட்டி வென்றனர். அப்பள்ளி 1946ஆம் ஆண்டில் பட்டம் அளிக்கும் செவிலியர் கல்லூரியாக உயர்ந்தது.

அடுத்து, மகளிர்க்கு மருத்துவப் பள்ளி நிறுவ அரசினரின் இசைவை நாடினார். சென்னை அரசின் மருத்துவத் துறைத் தலைவர் ஐயுற்றார். மூன்று மாணவியர் கிடைப்பதே அரிது என்பது அவர் கருத்து. எனினும் ஆறு பேர் சேர்ந்தால் பள்ளியைத் தொடங்கலாம் என்று இசைவளித்தார். விண்ணப்பங்களோ யாவரும் எதிர்பார்த்ததைக் காட்டிலும் பன்மடங்கு வந்து குவிந்தன. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை உண்டாயிற்று. 1918ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு அப்பள்ளியைத் திறந்து வைத்தார்.

அப்பொழுது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பொருளும் இல்லை, போதிய கட்டடமும் இல்லை, கருவிகள் மிகச் சில. வாடகை வீடுகளில் வகுப்புகள் நடந்தன. அம்மையாரே ஆசிரியராகவும் தலைவராகவும் மருத்துவராகவும் விளங்கினார். பகலெல்லாம் அறுவை மருத்துவம் செய்து, இரவில் மறுநாட் பாடத்திற்கு ஆயத்தம் செய்தார். மாநிலம் முழுவதற்கும் பொதுவான தேர்வு நெருங்கியது. ஆண் மாணவரே பெருந்தொகையிற் தவறும் அத்தேர்வில் பெண்கள் தேறுவது அரிது எனப் பலர் எச்சரித்தனர். முடிவு வெளியானபோது வேலூரிலிருந்து தேர்வெழுதிய மாணவியர் அனைவரும் தேறியிருந்தனர். 1922ஆம் ஆண்டில் முதல் அணியினர் எல்.எம்.பி. என்னும் மருத்துவத் தகுதி பெற்று வெளியேறினர். பெண்களால் மருத்துவம் கற்க இயலாது என்ற பேச்சு அன்றோடு ஓய்ந்தது.

கல்லூரி வளாகம்

அமெரிக்கப் பெண்கள் சிறுகச் சிறுகத் திரட்டி அனுப்பிய பொருளைக் கொண்டு, வேலூர்த் தோட்டப்பாளையத்தில் 1920களில் புதிய மருத்துவமனை எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே, பாகாயம் என்னும் இடத்தில், குன்றுகள் சூழக் கல்லூரி வளாகமும் மாணவியர் விடுதியும் அமைந்தன. பிறர் தமக்குப் பணி செய்யவேண்டும் என்று எதிர்பாராமல், தாமே பிறர்க்குப் பணி செய்ய வந்தவர் என்ற கருத்தே கல்லூரியின் குறிக்கோளாயிற்று.

அவ்வளாகத்தின் வாழ்வு அக்காலத்திற்குப் புதியது. கிறித்தவ சமயத்திலேயே பல பிரிவுகள் உண்டு. அவை தனித்தனியே பணியாற்றி வந்தன. அப்பிரிவினர் பலரையும் பல நாட்டினரையும் ஒரே கல்லூரிக்குத் துணைநிற்கச் செய்தார் அம்மையார். காலப்போக்கில் வேறு சமயத்தைச் சேர்ந்த மாணவரும் ஆசிரியரும் அங்கு வந்தனர். தமிழும் தெலுங்கும் மலையாளமும் பேசுவோர் ஒரே விடுதியில் தங்கினர். ஒரே கூடத்தில் உண்டனர். வீட்டில் தனிப் பந்தியில் உண்டு பழகிய பெண், தான் முன்பு தீண்ட அஞ்சிய ஏழையின் நாடியைப் பிடித்து நோயறியக் கற்றாள். ஒருமைப்பாடு அங்குச் சொற்பொழிவாக நில்லாமல் அன்றாட வேலையாயிற்று. அம்மையாரும் மாணவியருடன் உறவாடி, அவர்தம் விளையாட்டிலும் பங்கு கொண்டார். அறுபதைக் கடந்த பின்னும் அவர் பந்தாட்டத்தில் இளையோரைத் தோற்கடித்தாராம்.

பெருஞ்சோதனை

1938ஆம் ஆண்டளவில் கல்லூரிக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. எல்.எம்.பி. தகுதி இனிப் போதாது. மருத்துவக் கல்வி யாவும் பல்கலைக் கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு உயர்த்தப்படவேண்டும் என்று அரசினர் முடிவு செய்தனர். அவ்வாறு உயர்த்துவதற்குப் புதிய ஆய்வுக் கூடங்களும் உயர் பட்டம் பெற்ற ஆசிரியர்களும் கட்டில்கள் மிகுந்த மருத்துவமனையும் வேண்டும். இல்லையேல் கல்லூரியை மூடவேண்டும். அம்மையாருக்கு அப்போது வயது ஏறத்தாழ அறுபத்தெட்டு. ஓய்வு கொள்ளவேண்டிய பருவத்தில் அவர் மீண்டும் பொருள் திரட்டப் புறப்பட்டார். 1941ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, உலகப்போர் மூண்டிருந்த அவ்வாண்டுகளில் ஊர் ஊராகச் சென்று உதவி வேண்டினார். 1942ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்க இசைவு கிடைத்தது.

பொருளைவிட அரிய சோதனை ஒன்றும் வந்தது. கல்லூரியைக் காப்பதற்கு ஆண்களையும் சேர்த்து, கிறித்தவத் திருச்சபைகள் அனைத்தின் பொதுக் கல்லூரியாக்க வேண்டும் என்று பலர் கூறினர். பெண்களுக்கெனத் திரட்டிய பொருளால் எழுந்த கல்லூரி பெண்களுக்கே உரியது என்று அமெரிக்கத் தோழியர் சிலர் உறுதியாக எதிர்த்தனர். இரு பக்கத்தார் சொல்லிலும் நியாயம் இருந்தது. அம்மையார் நெடுநாள் கலங்கினார். முடிவில், ஆண்களையும் சேர்த்துக் கல்லூரியை நிலைபெறச் செய்வதே நோயாளர்க்கு நன்மை என்று தேர்ந்தார். அம்முடிவால் நெடுங்காலத் தோழமை சிலவற்றை அவர் இழக்க நேர்ந்தது. 1947ஆம் ஆண்டு முதல் ஆண் மாணவரும் அங்குப் பயிலத் தொடங்கினர்.

அம்மையார் 1946ஆம் ஆண்டில் பணியினின்றும் ஓய்வு பெற்றார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஹில்டா லாசரஸ் என்னும் இந்திய மருத்துவ அம்மையார் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இந்நாட்டுப் பெண்களே இந்நாட்டின் பிணி தீர்க்கவேண்டும் என்ற ஐடா அம்மையாரின் கனவு அவர் கண் முன்னரே நனவாயிற்று.

ஒதுக்கப்பட்டோர்க்கு இடம்

மரநிழலில் ஒதுங்கி நின்ற தொழுநோயாளரை அக்கல்லூரி மறக்கவில்லை. 1946ஆம் ஆண்டில் வேலூருக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், அந்நோயால் முடங்கிய கைகளை அறுவை முறையால் மீண்டும் இயங்கச் செய்தார். குணமானவர் ஊருக்குத் திரும்பினும் அவருக்கு வேலை தர யாரும் முன்வரவில்லை. ஆகவே 1951ஆம் ஆண்டில் பாகாயத்துக் கல்லூரி வளாகத்திலேயே நவ ஜீவ நிலையம் என்னும் சிற்றூர் அமைந்தது. அங்கு அவர்கள் தச்சு முதலிய கைத்தொழில்களைக் கற்றனர். தொழுநோயாளர் ஊரெல்லையில் நிற்கவும் அஞ்சிய காலத்தில், மாணவர் நாள்தோறும் நடமாடும் வளாகத்திற்குள் அவர்களுக்கு வீடும் தொழிலும் கிடைத்தன. நோயைப் பற்றிய வீணச்சத்தைப் போக்க இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

அக்கல்லூரியில் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954ஆம் ஆண்டில் நேர்ந்த வண்டி விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவர் சோர்ந்துவிடாது, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார்; பின்னர் உடற்குறையுற்றோர்க்கு மறுவாழ்வளிக்கும் துறைக்குத் தலைவராக விளங்கினார். ஐடா அம்மையார் விதைத்த விதை எத்தகைய மரமாயிற்று என்பதற்கு இஃது ஒரு சான்று.

மறைவு

இறுதிக் காலத்தை அம்மையார் கோடைக்கானலில் கழித்தார். ஊரும் தெருவும் குறியாது, மருத்துவர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதிய கடிதமும் அவரிடம் வந்து சேர்ந்ததாகக் கூறுவர். 1960ஆம் ஆண்டு மே திங்களில், தம் எண்பத்தொன்பதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். வேலூரில் நடந்த இறுதி ஊர்வலத்தில் எல்லாச் சமயத்தினரும் திரண்டு நின்று கண்ணீர் வடித்தனர். எழுபது ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தில் தனித்தனியே வந்து தனித்தனியே திரும்பிய மூன்று வகுப்பாரும், வேலூரில் ஒரே துயரத்தால் ஒன்று கூடினர்.

அவர் நிறுவிய கல்லூரியைச் சேர்ந்த சமூக நல மருத்துவர்கள் பிற்காலத்தில் சவ்வாது மலையூர்களுக்கும் சென்று மருத்துவம் செய்து வருகின்றனர். சவ்வாது மலையும் கல்வராயன் மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளே. இரண்டிலும் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினரே. அவர்தம் தேவைகளும் ஒத்தவையே. கள்ளக்குறிச்சியிலும் பிற ஊர்களிலும் இன்று கல்லூரி வாயிலை மிதிக்கும் இளைஞர் ஐடா அம்மையாரின் வாழ்விலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. கல்லூரி என்பது அதனுள் நுழைந்தோர்க்கு மட்டும் உரியதன்று; அதன் வாயிலை அடைய இயலாது தொலைவில் வாடுவோர்க்கும் அதில் உரிமை உண்டு. கற்றவர் அவ்வுரிமையை உணர்ந்து அவர்களை நாடிச் செல்வாராயின், கல்வி பயன் உடையதாகும். நாடும் நலம் பெறும்.